ஊரணிக்கு எதற்கு டைல்ஸ்?

சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் போகும்போது 'ஊரணி மேம்பாட்டுப் பணி' என்று ஒரு போர்டு கண்ணில் பட்டால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகப் படியுங்கள். சுற்றுச்சுவர், நடைபாதை, பேவர் பிளாக், எல்.ஈ.டி. விளக்கு, சிமென்ட் பெஞ்ச், எவர்சில்வர் கைப்பிடி, நுழைவாயில் வளைவு. மதிப்பீடு இத்தனை லட்சம். திறந்துவைத்தவர் பெயர் மட்டும் தனியாக, கிரானைட்டில்.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு ஐட்டம் அநேகமாக இருக்காது. தண்ணீர்.

"தண்ணி எப்படிங்க உள்ளே வரும்?" என்று அங்கே நிற்கிற கான்ட்ராக்டரிடம் கேட்டுப் பாருங்கள். "அது நம்ம எஸ்டிமேட்ல இல்ல சார். வரத்துக்கால் வேற டிபார்ட்மென்ட்" என்பார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எஸ்டிமேட்டில் இருப்பதைத்தான் அவர் கட்ட முடியும். விளைவு என்ன? சுற்றிலும் சுவர் எழுப்பியதில், காலங்காலமாக மழைத் தண்ணீர் உள்ளே வந்த வழி அடைபட்டுப் போகிறது. டைல்ஸ் ஒட்டிய ஒரு பள்ளத்தைச் சுற்றி நாம் காலையில் வாக்கிங் போகிறோம். அதற்குப் பெயர் பசுமைப் பூங்கா.

இந்த வாரம் இந்தக் கோபத்தைத்தான் உங்களிடம் கொட்டப் போகிறேன். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஊரணியைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்காதீர்கள். கடைசியில் உங்கள் பாக்கெட்டுக்குத்தான் வரப் போகிறேன்.

கீழச்சிவல்பட்டியை எடுத்துக்கொள்வோம். திருப்பத்தூர் பக்கம். திருப்பத்தூர் என்றதும் வாணியம்பாடிக்குப் போய்விடாதீர்கள். இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களில் ஒன்று. பாடுவார் முத்தப்பர் என்ற புலவரின் ஊர். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டியும் பக்கத்தில்தான். பேச்சு வழக்கில் 'செவல்பட்டி' என்பார்கள். செவல் என்றால் செம்மண். சிவல் என்றே வைத்துக்கொண்டால் பழந்தமிழில் அது ஒரு கௌதாரி இனப் பறவை. மண்ணோ பறவையோ, பெயரிலேயே இயற்கை உட்கார்ந்திருக்கிறது. இந்த வட்டாரமே அப்படித்தான். காரைக்குடியில் காரைச் செடி, இலுப்பைக்குடியில் இலுப்பை மரம், பள்ளத்தூரில் பள்ளம். இன்றைக்குப் புது நகருக்குப் பெயர் வைக்கச் சொன்னால் 'கிரீன் வேலி அவென்யூ' என்று வைப்போம். அங்கே பச்சையும் இருக்காது, பள்ளத்தாக்கும் இருக்காது.

இந்த ஊர்களைக் கட்டியவர்களுக்கு வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதிலும் பாதிக்கு மேல் தென்மேற்கிலும் கோடை இடியிலும் வரும் என்று நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய வரவு. அதனால் ஊரை வரையும்போதே தண்ணீரை வைத்து வரைந்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக்கூரை நாலு பக்கமும் உள்பக்கமாகச் சரிந்து, மழையை நடு வாசலில் கொண்டுவந்து கொட்டும். அண்டா குண்டான் எல்லாம் நிரம்பியது போக மிச்சம் தரைக்கடியில் ஓடும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும். தெரு வாட்டம் பார்த்துப் போட்டிருப்பதால் அது ஊரணிக்குப் போகும். ஊரணி நிரம்பினால் கண்மாய்க்கு. கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாகக் கீழே இருக்கிற அடுத்த ஊர்க் கண்மாய்க்கு.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? நான் பி.காம். படித்தவன். கணக்கு இல்லாமல் எனக்குக் கோபம்கூட வராது. ஐயாயிரம் சதுர அடி கூரை உள்ள ஒரு செட்டியார் வீட்டின் மேல் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் முப்பத்தைந்து லோடு. ஒரே ஒரு வீட்டின் கூரையில். 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் செருகிவிட்டுச் சான்றிதழ் வாங்கினோம். இவர்கள் ஊரையே அப்படிக் கட்டிவைத்தார்கள்.

ஒரு ஏக்கர் ஊரணி, பத்தடி ஆழம் என்று வையுங்கள். கரைச் சரிவு போக ஒரு கோடி லிட்டர் நிற்கும். அதில் ஒரு அடி வண்டல் சேர்ந்தால் பன்னிரண்டு லட்சம் லிட்டர் போச்சு. கணக்குப் பாடத்தில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். எந்தச் சொத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானத்துக்கு ஒரு தொகை எடுத்துவைக்க வேண்டும். எடுத்துவைக்காத கம்பெனி என்றைக்காவது ஒரு நாள் மெஷின் நின்றதும் கையைப் பிசையும். குடிமராமத்து என்று பழைய ஆட்கள் செய்தது இந்தத் தேய்மானக் கணக்குதான். ஊர் கூடிக் கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். ஊரணிக்கு ஆழம், வயலுக்கு உரம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற கடைகளின் பேரேட்டை மாதக் கடைசியில் முடித்து ஐந்தொகை எடுத்து அனுப்பியவர்கள். பாலன்ஸ் ஷீட்டுக்கு 'ஐந்தொகை' என்று அழகான தமிழ்ச்சொல் வைத்திருந்தவர்கள். வியாபார வரவில் மகமை என்று ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினார்கள். கோயில், சத்திரம், பள்ளிக்கூடத்தோடு ஊரணியும் அந்தப் பொதுக் காரியத்தில் அடக்கம். அந்தப் பணம் பர்மா விவசாயியின் வட்டியிலிருந்தும் வந்தது என்பது தனிக் கதை. அதை மறைத்துப் பெருமை பேசும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் ஊரணியைச் செலவுப் பக்கத்தில் எழுதாமல் சொத்துப் பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். வள்ளுவரே ஒப்புரவு அதிகாரத்தில் நல்லவன் கையில் இருக்கும் செல்வத்துக்கு ஊருணியைத்தானே உவமை சொன்னார்?

நம் அரசாங்க ஐந்தொகையில் அது எங்கே இருக்கிறது? வருவாய்த் துறைக் கணக்கில் பாருங்கள். ஊரணிப் புறம்போக்கு. ஓடைப் புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு. தீர்வை விதிக்க முடியாத நிலம் எல்லாம் புறம்போக்கு என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம். இப்போது அந்த வார்த்தை தெருவில் ஒரு வசவு. வரி வராத நிலம் உபயோகமில்லாத நிலம் என்ற எண்ணம், ஒரு பஸ் ஸ்டாண்டோ அரசு அலுவலகமோ கட்ட இடம் தேடும்போதெல்லாம் அதிகாரிகளின் கையை நேராகக் கண்மாய்க்குள் கொண்டுபோய் வைக்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை எங்கே இருக்கிறது என்று மதுரைக்காரர் யாரையாவது கேளுங்கள். உலகனேரிக் கண்மாய் என்பார்.

*

சரி, ஊரணி எப்படிக் கெட்டது? யாரோ ஒரு வில்லன் வந்து கெடுக்கவில்லை. ஒரு நல்ல காரியம்தான் அதைக் கெடுத்தது.

2009-ல் 616 கோடி ரூபாயில் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சியில் காவிரியில் எடுத்த தண்ணீர் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் குழாயில் ஓடியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்பவன் வாயில் ஒரு நாள் உப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆனால் குழாய் வந்த அன்றைக்கே ஊரணிக்குக் காவல் போய்விட்டது. குடிக்கிற தண்ணீராக இருந்தவரை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்க வேண்டும். குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கலங்கல் தெளிய பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்து விடுவார்கள். குடிக்காத தண்ணீருக்கு எதற்கு அத்தனை கட்டுப்பாடு? அடுத்த கட்டமாக முதலில் ஒரு பிளாஸ்டிக் பை விழுந்தது. பிறகு சாக்கடைக் குழாய் ஒன்று திரும்பியது. பிறகு வரத்துக்காலின் மேல் ஒரு கொட்டகை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மழைத்துளி கூரையிலிருந்து கண்மாய்க்குப் போய்ச் சேர எத்தனை ஆபீஸில் கையெழுத்து வாங்க வேண்டும் தெரியுமா? தெரு, ஊராட்சி. மெயின் ரோட்டைத் தாண்டும் பாலம், நெடுஞ்சாலைத் துறை. ஓடை, வருவாய்த் துறை. கோயில் குளமாக இருந்தால் அறநிலையத் துறை. கண்மாயின் ஆயக்கட்டு நூறு ஏக்கருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம், மேலே போனால் நீர்வளத் துறை. கரையில் சமூகக் காடு வைத்திருந்தால் வனத்துறை. ஒரு துளிக்கு இத்தனை வவுச்சர்! இதில் ஏதாவது ஒரு மேஜையில் ஃபைல் நின்றால் துளியும் அங்கேயே நின்றுவிடும். ரோட்டை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசாகப் போட்டு ஓரடி உயர்த்திவிட்டு, பாலத்தின் அடியில் குழாயை அடைத்துவிட்டுப் போகிற நெடுஞ்சாலைத் துறைக்கு, அதனால் காய்ந்துபோன ஊரணி அவர்கள் கணக்கிலேயே வராது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் போட்டார்கள். படித்துப் பார்த்தால் அது பொதுப்பணித் துறையின் கையில் இருந்த ஏரிகளுக்கானது. ஊராட்சி ஊரணிகளும் சின்னக் கண்மாய்களும் வெளியே நின்றன. 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலைகளை மீட்கச் சொன்னது. 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் நாடு முழுக்க எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொன்னது. தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரையே திரும்பக் கொண்டுவந்து, முதல் கட்டமாக 100 கோடியில் 1,519 வேலைகள் எடுத்தார்கள். பெயர் பழசுதான், முறை புதுசு. எஸ்டிமேட், பில், ஃபோட்டோ.

மேம்பாடு என்று வரும்போது நம் என்ஜினீயர்களுக்குக் கரை மட்டும்தான் தெரிகிறது. கரை என்பது செலவு. வரத்துக்கால்தான் சொத்து. வரத்துக்கால் எங்கேயோ ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி, புதருக்குள், மேய்ச்சல் நிலத்தின் சரிவில் ஆரம்பிக்கிறது. அங்கே போய் ரிப்பன் வெட்ட முடியாது. ஃபோட்டோவுக்கு அழகாக இருக்காது. அந்த மேய்ச்சல் நிலத்தில் சமூகக் காடு என்று தைலமரத்தை நட்டு, வரப்பெடுத்துத் தண்ணீரை அங்கேயே மறித்துவிட்டால், கீழே எத்தனை லட்சத்துக்கு டைல்ஸ் ஒட்டினாலும் ஊரணியில் வானம்கூடத் தெரியாது. புதுக்கோட்டையில் விவசாயிகள் தைலமரக் காட்டுக்கு எதிராகப் போராடியது மரத்தின் மேல் வெறுப்பாலா? மரம் வேண்டாம் என்று எந்த விவசாயி சொல்வார்! தண்ணீர் வரும் வழியில் ஒரே ஜாதி மரத்தை வரிசை கட்டி நட்டு அதற்குக் காடு என்று பெயர் வைத்ததுதான் அவர்கள் பிரச்னை.

*

இந்த இடத்தில் என் கட்சியிலேயே இருக்கிற சிலரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. "அந்தக் காலத்துல ஊரே ஒண்ணா இருந்துச்சு, ஊரணியைத் தெய்வமா பார்த்துச்சு" என்று உருகுகிறவர்கள்.

எந்த ஊர் சார்? 1985-ல் தனி மாவட்டமாகும்வரை சிவகங்கைச் சீமை ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் தலித் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அடுத்த வருஷம் அது பதினொன்று ஆனது. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்துவைத்திருக்கிறார். நகை போடக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் இதுவும் உண்டு: பெண்கள் மண் பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்புக் குடமோ பித்தளைக் குடமோ கூடாது. சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான்.

நடு வாசலில் பித்தளை அண்டா வைத்து மழை பிடித்த அதே சீமையில்! ஊரணிக்கு எத்தனை படித்துறை இருந்தது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், எந்தப் படியில் யார் இறங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். குழாயைப் பல பேர் இரண்டு கையையும் நீட்டி வரவேற்றதற்கு அதுவும் ஒரு காரணம். குழாய் ஜாதி கேட்கவில்லை. தெருக்குழாயிலும் ஜாதி பார்த்த ஊர்கள் உண்டு, அது வேறு.

அதனால் பழையதை அப்படியே திரும்பக் கொண்டு வா என்பது என் கோரிக்கை இல்லை. அந்த வாட்டமும் வாய்க்காலும் வேண்டும், அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியல் வேண்டாம். இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2005-ன் வேலை உறுதிச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஊரணிகளிலும் வரத்துக்கால்களிலும் வெயிலில் நின்று மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? அன்றைக்குப் படியில் இறங்க விடாத வீடுகளின் பேத்திகள். ஆனால் எந்தக் கால்வாயை வெட்டலாம், எங்கே அடைத்திருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி அளந்து விட்ட இடத்தில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆடு மாடு மேய்த்தே அந்தச் சரிவை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு அம்மாவைவிட, டவுனில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பூங்கா வரைந்த கன்சல்டன்ட்டுக்கு என்ன தெரியும்?

*

நகரத்தார் வெளிநாட்டில் கட்டிய கோயில்களில் பிரபலமானது சிங்கப்பூர் தெண்டாயுதபாணி கோயில். 1859-ல் கட்டியது. அது இருக்கும் தெருவின் பெயர் டேங்க் ரோடு. அங்கேயும் பாருங்கள், தண்ணீரின் பெயர். அந்தச் சிங்கப்பூர் 1960-களிலும் 70-களிலும் தன் ஆறுகளை வெள்ளத்துக்குப் பயந்து கான்கிரீட் கால்வாய் ஆக்கியது. பிறகு புத்தி மாறி, 2006-ல் ஒரு திட்டம் போட்டது. பிஷான் என்ற இடத்தில், பூங்கா ஓரமாக நேர்க்கோட்டில் ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து எறிந்தார்கள். இப்போது அதே இடத்தில் காலாங் ஆறு 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து, புல்லும் கல்லும் செடியுமாக ஓடுகிறது. 2012-ல் திறந்தார்கள். மழை இல்லாத நாளில் குழந்தைகள் ஆற்றில் இறங்கி விளையாடுகிறார்கள். பெருமழை வந்தால் பூங்காவே ஆற்றுக்கு இடம் கொடுத்து ஒதுங்குகிறது.

"சிங்கப்பூர் பணக்கார நாடு சார்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பணம் செலவழித்து உடைத்த கான்கிரீட்டை நாம் பணம் செலவழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நாம்தான் பணக்காரர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். கீழச்சிவல்பட்டி இருக்கும் அதே திருப்பத்தூர் வட்டாரத்தில், மதுரை ரோட்டுப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடியும் இருக்கின்றன. மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் பறவைகளைக் காப்பாற்றியது அறிவிப்பு இல்லை. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, பல தலைமுறையாக. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எதற்கும் வெடி கிடையாது. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குக் கணக்கும் தெரியும். தீபாவளிக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வனத்துறை ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுக்கிறது. உலகத்திலேயே மிகச் சிக்கனமான சுற்றுச்சூழல் பட்ஜெட் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். மதுரைக்கு ஊர்வலமாக நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. அந்த மக்கள் வெறும் கோஷத்தை மட்டும் கையில் வைத்திருக்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை கண்மாய், எத்தனை சுனை, என்ன பறவை, எந்தக் குன்றில் எந்தக் கல்வெட்டு என்ற பட்டியல் கையில் இருந்தது. பட்டியல் இல்லாத ஊராக இருந்திருந்தால், 'தரிசு நிலம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

*

இப்போது உங்கள் பாக்கெட்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. அந்தப் பக்கம் ரோட்டோரம் முழுக்கக் கலர் கலராகக் கல் நட்டு, கொடி கட்டி, மனை போட்டு விற்கிறார்கள். வாங்குவது யார்? பெரும்பாலும் நீங்களும் நானும்தான். சொந்த ஊர்ப் பாசம், ரிட்டயர்மென்ட், முதலீடு. மனைப்பிரிவு போட்டால் 10 சதவிகித இடத்தைப் பூங்காவுக்கும் பொது உபயோகத்துக்கும் விட வேண்டும் என்று 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் 3,000 சதுர மீட்டர் வரை அது கிடையாது. 3,000 முதல் 10,000 வரை, இடத்தை விட முடியாவிட்டால் கைடுலைன் மதிப்புக்குப் பணம் கட்டினால் போதும். அதற்கு மேல்தான் இடமாகவே கொடுத்தாக வேண்டும்.

3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். ரெண்டே முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர் அதை நாலு துண்டாக, நாலு பெயரில் போட்டால் ஆளுக்கு 69 சென்ட் கூட வராது. பூங்காவும் வேண்டாம், பணமும் வேண்டாம். கணக்கு சுத்தம். சரி, பணமே கட்டினார் என்று வையுங்கள். கட்டிய பணம் மரமாக முளைக்குமா? அந்த மனைக்கு நடுவே ஓடிய ஓடையை அது திரும்ப வாங்கித் தருமா? இடத்தை விட்டவரும் எந்த இடத்தை விடுகிறார் தெரியுமா? கோணல்மாணலாக விற்காமல் நிற்கிற மூலை. தண்ணீர் போகிற தாழ்ந்த பக்கத்தை மண்ணடித்து நிரப்பி, 'பார்க் ஃபேசிங்' என்று கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு, மேட்டில் ரெண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும். விதியில் 10 சதவிகிதம் எவ்வளவு என்று இருக்கிறது. எங்கே என்பதை நிலத்தின் வாட்டம் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் குடியா முழுகிவிடும்? ஓடைக்கும் வரத்துக்காலுக்கும் ரெண்டு பக்கமும் அந்தப் பத்து சதவிகிதத்தை நீளவாக்கில் விட்டாலே, பூங்கா ஆச்சு, நிழல் ஆச்சு, ஊரணிக்கும் தண்ணீர் ஆச்சு.

2015 டிசம்பரில் சென்னையில் படகில் ஏறியவர்களும், 2019 ஜூனில் அதே சென்னையில் குடத்தோடு லாரிக்கு ஓடியவர்களும் ஒரே ஆட்கள்தான். நடுவில் மூன்றரை வருஷம். ஏரிக்குள் மனை வாங்கியதில் அந்த ரெண்டு கஷ்டமும் இலவசமாகச் சேர்ந்தே வந்தது. அதையே கொண்டுபோய்ச் செட்டிநாட்டிலும் நடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மனை வாங்குமுன் வக்கீலிடம் வில்லங்கம் பார்க்கிறீர்கள். கூடவே கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பாருங்கள். வருவாய்த் துறை இணையதளத்திலேயே 'அ' பதிவேடும் புலப்படமும் கிடைக்கின்றன. உங்கள் சர்வே நம்பருக்கு மேலும் கீழும் 'ஓடை', 'வாய்க்கால்' என்று இருந்தால் அந்தக் கோடு இப்போது தரையில் இருக்கிறதா என்று ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும்.

சொந்த ஊர் அந்தப் பக்கம் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடும் என்று 2022-ல் முடிவானது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிவகங்கை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. தலைவர் இருந்தாலும் அலுவலர் இருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாதம் பத்து லட்சம் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் மிரட்டியதில், நாடு முழுக்க அவசர அவசரமாக எழுதினார்கள். உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் இருக்கிற மரம் அதில் இருக்கிறதா, பக்கத்து ஊர்ப் பட்டியலை அப்படியே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஊரணிக்கு அடுத்த எஸ்டிமேட் போடும்போது முதல் ஐட்டமாக வரத்துக்காலை அளந்து கல் நடவும், அது முடிந்து ஒரு மழைக்காலம் தண்ணீர் வந்த பிறகே கரையில் மற்ற வேலை தொடங்கவும் தீர்மானம் கேளுங்கள். டைல்ஸுக்கு அவசரமில்லை. 'பரிசீலிக்கப்படும்' என்று எழுத விடாதீர்கள். தீர்மான நோட்டில் சர்வே நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். மனுவை ரெண்டு காப்பியாக எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.